கலசம் அப்புறம், முதல்ல கட்டரைப் பாருங்க



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. விஷயம் சாமி விஷயம்தான், ஆனா பேசப் போறது கட்டரைப் பத்தி. கூரை ஓட்டுக்குக் கீழ நின்னு மழைத் தண்ணியைப் பிடிச்சு இறக்கி விடுதே, அதே கட்டர்தான்.

ஏன் இப்ப? நம்ம ஆலயத்துக்கு அடுத்த வருஷம் கும்பாபிஷேகம். திருப்பணிக் கூட்டத்துல வேலைப் பட்டியலை வாசிச்சாங்க. ராஜகோபுரத்துக்கு வர்ணம், புது சுதைச் சிற்பங்கள், கலசத்துக்கு முலாம், மண்டபத்துக்கு விளக்கு, தரைக்குக் கல். எல்லாத்துக்கும் உபயதாரர்கள் முன்வந்துட்டாங்க, ரொம்ப சந்தோஷம். அந்தப் பட்டியல்ல கட்டர் மட்டும் இல்ல. உழவாரக் குழு சார்பா நாங்க எழுந்து கேட்டோம். "அது சின்ன வேலை, கடைசியில பாத்துக்கலாம்"னு பதில் வந்துச்சு.

நிர்வாகத்துல இருக்கறவங்க எல்லாரும் நமக்கு அண்ணன், அக்கா மாதிரி. சம்பளம் வாங்காம இரவு பகலா உழைக்கறாங்க. அவங்களைக் குறை சொல்ல இதை எழுதல. ஆனா இந்த ஒரு விஷயத்துல எங்க கருத்து வேற. கட்டர் கடைசி வேலை இல்ல, முதல் வேலை. அதைச் சரியான இடத்துல வைக்காம வர்ணம் அடிக்கறது, ஓட்டைக் குடத்துல பால் ஊத்தற மாதிரி.

நாங்க யாரும் இன்ஜினியர் இல்ல. எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவங்கதான். எங்க குழுவுல பாதிப் பேர் பாசிர் கூடாங் பக்கம் பேக்டரியில சூப்பர்வைசர், டெக்னீசியன், லோரி டிரைவர். ஆனா பேக்டரி எங்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கு. தரையில எண்ணெய் சிந்தியிருந்தா, முதல்ல துணி எடுத்துத் துடைக்காதே. எங்கேருந்து சிந்துதுன்னு பாரு. ஜப்பான்ல டொயோட்டா கம்பெனி இதை ஒரு முறையாவே வச்சிருக்கு. ஒரு கோளாறைப் பாத்தா "ஏன்"னு ஒரு தடவை கேட்டு நிறுத்தாதே, அஞ்சு தடவை கேளுன்னு சொல்வாங்க.

அதையே நம்ம மகாமண்டபத்துக்குப் போட்டுப் பாப்போம்.

வடக்குப் பக்கச் சுவர்ல பெயின்ட் உரியுது. ஏன்? சுவர் ஈரமா இருக்கு.
ஏன் ஈரம்? மேல இருக்கற பேசியா பலகைக்குப் பின்னால தண்ணி இறங்குது.
ஏன் அங்க இறங்குது? கட்டருக்குள்ள விழ வேண்டிய தண்ணியில கொஞ்சம் பின்பக்கமா ஓடுது.
ஏன் பின்பக்கம் ஓடுது? ஓட்டோட நுனி கட்டர் வாய்க்குள்ள நீளல. பலகையை ஒட்டியே நின்னுடுச்சு.
ஏன் அப்படி நின்னுச்சு? கட்டர் மாட்டின அன்னைக்கு, ஓடு எங்க முடியுதுன்னு யாரும் அளந்து பாக்கல. பலகை இருந்துச்சு, அதுல ஆணி அடிச்சு மாட்டிட்டாங்க.

அஞ்சு "ஏன்" முடிஞ்சது. இதுல எந்தப் பதில்லயாவது பெயின்ட் கெட்டதுன்னு வந்துச்சா? இல்லையே. ஆனா நாம செலவு பண்றது பெயின்டுக்குத்தான். அந்தச் சுவருக்கு இதுவரைக்கும் மூணு தடவை வர்ணம் அடிச்சாச்சு.

ஓட்டு நுனிக்கும் கட்டருக்கும் நடுவுல அப்படி என்னதான் இருக்குன்னு கேப்பீங்க. அபிஷேகம் பாக்கறப்ப கவனிச்சிருப்பீங்க. குருக்கள் செம்பை நல்லாச் சாய்ச்சு ஊத்தினா பால் நேரா விழும். மெதுவா, கொஞ்சமாச் சாய்ச்சா பால் செம்போட அடிப்பக்கத்துல ஒட்டிக்கிட்டு கையில வழியும். தண்ணிக்கு ஒட்டற குணம் உண்டு. ஓட்டுலயும் அதேதான் நடக்குது. பெரிய மழையில தண்ணி வேகமா வந்து தாண்டி விழும். தூறல்லயும், மழை விடற நேரத்துலயும் நுனிக்கு வந்த தண்ணி ஓட்டோட அடிப்பக்கம் திரும்பிக்கும். நுனி கட்டருக்குள்ள நல்லா நீண்டிருந்தா, திரும்பின தண்ணியும் கட்டர்லயே சொட்டும். நீளலன்னா பலகையில இறங்கும், அங்கேருந்து கைமரத்துக்குப் போகும், அப்புறம் சுவருக்கு.

சரி, எப்படித்தான் இருக்கணும்? எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் எளிமையா சொல்றோம்.

முதல்ல, ஓட்டு நுனி பேசியா பலகையைத் தாண்டி சுமார் 2 இஞ்ச், அதாவது 50 மில்லிமீட்டர், கட்டருக்குள்ள வரணும். 5 அல்லது 6 இஞ்ச் அகலக் கட்டர்ன்னா மூணுல ஒரு பங்கு மூடியிருக்கும். பாதியைத் தாண்டக் கூடாது. ரொம்ப நீண்டாலும் ஆபத்துதான். பெரிய மழையில தண்ணி கட்டரோட முன் விளிம்பையே தாண்டிக் குதிச்சு, வலம் வர்றவங்க தலையில விழும். இலையை எடுக்கக் கையும் நுழையாது.

ரெண்டாவது, உயரம். கட்டர் ரொம்பத் தாழ்வா தொங்கினா, காத்தடிக்கிற மழையில தண்ணி நடுவுலயே பறந்துடும். ரொம்ப மேல ஓட்டை ஒட்டி இருந்தா, கட்டர் நிரம்பற அன்னைக்குத் தண்ணி ஓட்டுக்கு அடியில ஏறும். ஒரு கை நுழையற இடைவெளி இருந்தாப் போதும்.

மூணாவதுதான் நிறைய பேர் மறந்துபோறது. கட்டரோட முன் விளிம்பு, பின் விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்வா இருக்கணும். எந்தக் கட்டரும் என்னைக்காவது ஒரு நாள் நிரம்பத்தான் செய்யும். அன்னைக்கு அது வெளிய வழியணும், உள்ள வழியக் கூடாது.

நாலாவது, வாட்டம். 10 அடிக்குக் கால் இஞ்சாவது சரிவு வேணும், அரை இஞ்ச் இருந்தா நல்லது. கண்ணால பாத்து முடிவு பண்ணக் கூடாது, தண்ணி டியூப் வச்சுப் பாக்கணும். 40 அடி நீளத்துக்கு ஒரே பக்கம் வாட்டம் கொடுத்தா, கடைசியில கட்டர் 1 இஞ்சுலேருந்து 2 இஞ்ச் வரைக்கும் கீழ போயிடும். அங்க ஓட்டுக்கும் கட்டருக்கும் இடைவெளி கூடிடும். அதனால நீளமான மண்டபத்துக்கு நடுவுல மேடா வச்சு, ரெண்டு முனையிலயும் இறக்குக் குழாய் போடறதுதான் நல்லது.

அஞ்சாவது, வெயில் தாங்க ஓட்டுக்கு அடியில அலுமினியத் தாள் விரிக்கிறோம் இல்லையா, அந்தத் தாளோட கீழ் விளிம்பு கட்டருக்குள்ள வந்து இறங்கணும். பலகைக்குப் பின்னால வெட்டி விட்டா, ஓட்டுல கசியற தண்ணி எல்லாத்தையும் அந்தத் தாளே கொண்டுபோய்ச் சுவர்ல ஊத்தும்.

இன்னொரு இடம் இருக்கு, நம்ம கோயில்கள்ல அதுதான் ரொம்ப மோசமான இடம். கர்ப்பக்கிரகத்துப் பக்கம் கான்கிரீட், மகாமண்டபம் ஓட்டுக் கூரை. ரெண்டும் சேர்ற இடத்துல பெட்டி மாதிரி ஒரு கட்டர் ஒளிஞ்சு கிடக்கும். வெளிக் கட்டர் வழிஞ்சா தரை நனையும். இது வழிஞ்சா நேரா மண்டபத்துக்குள்ள, சில இடத்துல சாமி சந்நிதி வாசல்லயே விழும். அங்க சாதாரண அளவு போதாது. அகலமாவும் ஆழமாவும் இருக்கணும், நிரம்பினா வெளிய போக மேல ஒரு போக்குத் துளையும் கட்டாயம் வேணும்.

"இத்தனூண்டு இடைவெளியில எவ்வளவு தண்ணி போயிடும்?"னு ஒரு ஐயா கேட்டாரு. கணக்குப் போட்டுப் பாத்தோம். 1 சதுர மீட்டர் பரப்புல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர். நம்ம மண்டபத்துக் கூரை ஒரு பக்கம் 40 அடிக்கு 20 அடி, கிட்டத்தட்ட 74 சதுர மீட்டர். மணிக்கு 60 மில்லிமீட்டரைத் தாண்டினா அதை மிகக் கனமழைன்னு நம்ம நாட்டு நீர்ப்பாசன வடிகால் துறை வகைப்படுத்துது. அந்த 60-லயே, அரை மணி நேரம் பெஞ்சா போதும், ஒரு பக்கக் கூரையில மட்டும் சுமார் 2,220 லிட்டர். 20 லிட்டர் வாளியில 111 வாளி. அதுல நூத்துல ஒரு பங்கு பின்பக்கம் போனாலும் ஒரு முழு வாளித் தண்ணி சுவருக்கும் மரத்துக்கும் நடுவுல. அரை மணி நேரத்துல. ஜொகூர் மழை அரை மணி நேரத்தோட நிக்கறதும் இல்ல.

2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளத்தை மறந்தவங்க யாரும் இருக்க முடியாது. கோத்தா திங்கியும் சிகாமட்டும் என்ன பாடு பட்டுச்சுன்னு தெரியும். 2023 மார்ச்சுல மறுபடியும் சிகாமட், பத்து பகாட்னு தண்ணி ஏறுச்சு. கார்த்திகை மார்கழிதான் மழைக்காலம்னு நாம நினைச்சுக்கிட்டிருக்க, அது மாசியில வந்துச்சு. ஆத்துல ஏறி வர்ற வெள்ளத்தை நம்மால நிறுத்த முடியாது. கூரையிலேருந்து இறங்கற தண்ணிக்கு வழி காட்டறது மட்டும் நம்ம கையிலதான் இருக்கு.

வழி காட்டலன்னா என்ன ஆகும்? சில வருஷத்துக்கு முன்னால வேறொரு ஆலயத்துக்கு உழவாரப் பணிக்குப் போயிருந்தோம். பேர் வேண்டாம். வெளியில பாத்தா வர்ணம் பளபளன்னு இருந்துச்சு. அன்னதானக் கூடத்து ஓரமா சீலிங் லேசாத் தொங்குதேன்னு ஒரு பலகையைக் கழட்டிப் பாத்தோம். கைமரத்து நுனியில ஸ்குரூ டிரைவரை வச்சு அழுத்தினா, புட்டுல விரல் போற மாதிரி உள்ள போச்சு. பக்கத்துலயே கரண்ட் வயர், அதுக்கு மேல ஈரம். அதுக்குக் கீழதான் ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க வரிசையா உக்காந்து சாப்பிடறாங்க. அன்னைக்கே கூடத்தை மூடச் சொல்லிட்டாங்க, புண்ணியம். நாலு மரம், பத்து ஓடு, ஒரு கட்டர்னு முடிஞ்சிருக்க வேண்டிய வேலை, ஒரு பக்கக் கூரையையே பிரிக்கற வேலை ஆச்சு.

சிலர் வேற யோசனை சொல்றாங்க. "கட்டரே வேண்டாம், கழட்டிடுங்க. இலை சேருது, கொசு வருது." இதுல நியாயம் இருக்கு, ஒதுக்கித் தள்ள முடியாது. பக்கத்துல சிங்கப்பூர்ல கொசுவுக்குப் பயந்து புதுக் கட்டடங்கள்ல கூரைக் கட்டர் வைக்கவே கட்டுப்பாடு போட்டிருக்காங்க. ஏடிஸ் கொசு முட்டையிலேருந்து பறக்கற கொசுவா மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். நம்ம நாட்டுலயும் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு, கொசுப் புழு இருந்தா கோயில்னு பாத்து விட மாட்டாங்க. பழைய தோட்டத்துக் கோயில்கள்ல கட்டர் இருந்ததில்ல. தகரக் கூரையை நல்லா வெளிய நீட்டி விட்டிருப்பாங்க, கீழ சிமெண்டுக் கால்வாய் ஓடும். அதுவும் சரியான முறைதான்.

ஆனா நம்ம ஆலயத்துல கூரை அவ்வளவு வெளிய நீளல. கீழ கால்வாய்க்குப் பதிலா பிரகாரம் இருக்கு. வயசான அம்மாக்கள் வெறுங்காலோட வலம் வர்ற இடம். அங்க தண்ணி நேரா விழுந்தா வழுக்கும். கட்டர் இல்லாம இருக்கணும்னா கூரையை நீட்டிக் கால்வாய் வெட்டணும். கட்டர் வேணும்னா சரியா வைக்கணும். அரைகுறையா வச்சா ரெண்டு கஷ்டமும் சேர்ந்து வரும். கொசுவைப் பத்திச் சொன்னா, வாட்டம் சரியா இருக்கற கட்டர்ல தண்ணி நிக்காது. வாட்டம் தப்பினதுலயும் இலை அடைச்சதுலயும்தான் நிக்கும். அதனால அதுவும் திரும்ப நம்மகிட்டதான் வருது.

இதெல்லாம் புதுசா நாங்க கண்டுபிடிச்சது இல்ல. நம்ம முன்னோர்கள் கூரை விளிம்பை எவ்வளவு மதிச்சாங்கன்னு பாருங்க. புதுக்கோட்டை மாவட்டத்துல ஆவுடையார்கோயில் இருக்கு. மாணிக்கவாசகர் பேரோட சேர்ந்த திருப்பெருந்துறை அதுதான். அங்க இருக்கற கொடுங்கை உலகப் பிரசித்தம். கொடுங்கைன்னா என்ன? கல்லுல செஞ்ச கூரை விளிம்பு. மரச் சட்டம் போட்டு ஆணி அடிச்ச மாதிரியே கல்லை மெலிசாச் செதுக்கியிருப்பாங்க. அந்தக் காலத்துல சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதறப்ப, "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" மத்ததெல்லாம் செஞ்சு தர்றோம்னு எழுதுவாங்கன்னு வழிவழியாச் சொல்வாங்க.

எல்லாரும் அதோட அழகைத்தான் பேசறோம். அந்த வளைவுக்கு ஒரு வேலையும் உண்டு. வெளிய நீண்டு, கீழ வளைஞ்சு, மழைத் தண்ணியைச் சுவரைத் தொடாமத் தள்ளி விடும். சுவர் காஞ்சிருந்தா விதை ஒட்டாது, அரசும் ஆலும் கோபுரத்துல முளைக்காது, கல் பிளக்காது. இன்னைக்கு நமக்குக் கல்லுல கொடுங்கை செதுக்க வசதி இல்ல. அலுமினியக் கட்டர்தான் நம்ம கொடுங்கை. அதை 2 இஞ்ச் சரியா வைக்கறது நம்மால முடியாத காரியமா?

அப்பர் பெருமான் கையில எதைப் பிடிச்சிருக்கார்? வேல் இல்ல, வாள் இல்ல. உழவாரம். புல்லைச் செதுக்கற கருவி. கோயிலைப் பாட்டால மட்டும் தொழாம, கையாலயும் தொழுதவர் அவர். யாரும் அண்ணாந்து பாக்காத மூலையைச் சுத்தம் பண்றதுதான் உழவாரப் பணி. கட்டரும் அப்படி ஒரு மூலைதான். அதுல யார் பேரும் பொறிக்க முடியாது, அதனாலதான் அதுக்கு உபயதாரர் கிடைக்க மாட்டேங்குது. உண்மையைச் சொல்லித்தான் ஆகணும்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழமை உண்டியல்ல 10 வெள்ளி போடற அம்மா, அது சாமிக்குப் போகுதுன்னு நம்பித்தான் போடறாங்க. அந்தப் பணம் மூணு தடவை பெயின்டாப் போய் உரிஞ்சு விழுந்தா, அதுக்கு யார் பதில் சொல்றது? கோபுரத்துக்கு வர்ணம் கொடுக்கற உபயதாரர் ஐயாவோட பணமும் அதேதான். அவரோட வர்ணம் நல்லா நிலைக்கணும்னா, அதுக்கு முன்னாடி கட்டர் சரியாகணும். அதனால நாங்க கேக்கறது யாருக்கும் எதிரா இல்ல, அவங்க உபயத்தைக் காப்பாத்தத்தான்.

எங்க கோரிக்கைகள் இவ்வளவுதான்:

1. திருப்பணிப் பட்டியல்ல கட்டர், ஓட்டு விளிம்பு, இறக்குக் குழாய் வேலை முதல்ல வரட்டும். அது முடிஞ்சு ஒரு நல்ல மழையைப் பாத்த பிறகு வர்ணம் ஆரம்பிப்போம்.

2. கொன்ட்ராக்டர்கிட்ட விலையை மட்டும் கேக்காம, "ஓட்டு நுனி எவ்வளவு உள்ள வரும், வாட்டம் எவ்வளவு, நிரம்பினா எந்தப் பக்கம் வழியும்?"னு மூணு கேள்வி கேட்டு, பதிலை எழுதி வாங்கணும். வேலை முடிஞ்சதும் ஹோஸ் பைப்பால ஓட்டு மேல தண்ணி அடிச்சுக் காட்டணும். மெதுவா ஒரு தடவை, வேகமா ஒரு தடவை. ரெண்டுலயும் பலகை நனையாம இருந்தாத்தான் பாக்கிப் பணம்.

3. புரட்டாசிக்குள்ள வேலை முடியணும். ஐப்பசி பிறந்துட்டா மழை நம்மைக் கேட்டு வராது.

4. வாரத்துக்கு ஒரு தடவை கீழேருந்து பாக்கறது, மாசத்துக்கு ஒரு தடவை இலை எடுக்கறது. இதுக்கு ஒரு அட்டவணை போட்டு ஆபீஸ் கதவுல ஒட்டுவோம்.

பக்தர்கள் நீங்க ஒரு உதவி செய்யலாம். யாரும் ஏணி வைக்க வேண்டாம், தயவு செஞ்சு ஏறாதீங்க. எங்க பேக்டரியில 2 மீட்டருக்கு மேல பெல்ட் மாட்டாம யாரையும் விட மாட்டோம். கோயில்ல மட்டும் "சாமி பாத்துக்கும்"னு ஏறலாமா? விமானத்துப் பக்கம்னா இன்னும் கவனம், குருக்களைக் கேக்காம யாரும் அங்க காலை வைக்கக் கூடாது. நீங்க தரையில நின்னு பாத்தாலே போதும்.

கட்டருக்கு வெளிப்பக்கம் தரையில வரிசையாத் தண்ணி விழுந்த தடம் இருந்தா, தண்ணி தாண்டிக் குதிக்குதுன்னு அர்த்தம். பலகையில கறுப்புக் கோடு, பாசி, பெயின்ட் கொப்புளம் இருந்தா, பின்னால இறங்குதுன்னு அர்த்தம். மழை விட்டு ரெண்டு நாள் ஆகியும் கட்டர்லேருந்து சொட்டு விழுந்தா, உள்ள தண்ணி நிக்குதுன்னு அர்த்தம். மழை நேரத்துல கோயில்ல இருந்தா, நனையாம ஒதுங்கி நின்னு போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக் குழுவுக்கு அனுப்புங்க. எந்தப் பக்கம், எத்தனாவது தூண்னு சொன்னாப் போதும். நாங்க குறிச்சு வச்சுக்கறோம்.

அடுத்த திருப்பணிக் கூட்டத்துக்கு நிறைய பேர் வாங்க. சண்டை போட இல்ல, அந்த ஒரு வரியைப் பட்டியல்ல மேல ஏத்தச் சொல்ல. கும்பாபிஷேகத்தன்னைக்குக் கலசத்துல ஊத்தற புனித நீரை அண்ணாந்து பாத்துக் கும்பிடப் போறோம். அதே கூரையில மறுநாள் விழப்போற மழைத் தண்ணிக்கும் இப்பவே ஒரு நல்ல வழி செஞ்சு வைப்போம்.

மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா சொல்லுங்க. கூரை வேலை தெரிஞ்ச அண்ணன்மார் யாராவது இருந்தா, நாங்க சொன்ன அளவுகளைப் பாத்துட்டு உங்க அனுபவத்தையும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை காலையில 7 மணிக்கு எப்பவும் போல உழவாரப் பணி உண்டு. கையுறை நாங்க தர்றோம்.

திருச்சிற்றம்பலம்.

இப்படிக்கு,
உழவாரப் பணித் தொண்டர்கள், ஜொகூர்